அவள் திரும்பக் கேட்டது

ஜனவரி 1, புதன்

மில்லில் கொடுத்த டைரி இது. வருஷா வருஷம் வாங்கி வந்து அலமாரியில் போடுவேன். மகள் தாரணி சின்னப் பெண்ணாக இருந்தபோது அதில் கோலம் வரைந்து தீர்ப்பாள். இந்த வருஷம் எனக்கே வேலை வந்துவிட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

“தினமும் எழுதி வைங்க. மாத்திரை எத்தனை மணிக்குக் குடுத்தீங்க, வலிப்பு வந்துச்சா, வாந்தி இருக்கா, தலையில அந்தப் பக்கம் உப்புதா, உள்ள போகுதா. டாக்டர் கேப்பாரு. ஞாபகத்துல சொல்றேன்னு வந்து நிக்காதீங்க.”

பத்தொன்பது வருஷமாக மில் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, எவன் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எவன் என்ன சாக்குச் சொன்னான் என்று எழுதுகிறவன் நான். எனக்குப் போய்ப் பாடம் எடுக்கிறார்.

சரி, முறையாகவே எழுதுகிறேன். நோயாளி: சாந்தாமணி, வயது நாற்பத்தாறு, என் மனைவி, பால்வாடி டீச்சர். நவம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை, சத்தி ரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது வண்டியின் பின்னாலிருந்து விழுந்தாள். மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளை வீங்கியது. வீக்கத்துக்கு இடம் விடுவதற்காக வலது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை அறுத்து எடுத்தார்கள். எடுத்த எலும்பு கெட்டுப்போகக் கூடாது என்று அவள் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள். வீக்கம் வடிந்து உடம்பு தேறியதும், மார்ச் வாக்கில் அதை எடுத்து மறுபடியும் தலையில் பொருத்துவார்களாம். அதுவரை அந்தப் பக்கம் தோல் மட்டும்தான். இடது கையும் காலும் பலம் குறைவு. விபத்தன்று நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. தீபாவளி வரைதான் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஹெல்மெட் போட்டிருந்தேன்.

ஜனவரி 3, வெள்ளி

வலிப்பு மாத்திரை காலை 8, ராத்திரி 8. வாந்தி இல்லை. இட்லி இரண்டு, மசித்துக் கொடுத்தேன். படுத்தால் தலையின் அந்தப் பக்கம் குழி விழுகிறது, குனிந்தால் உப்புகிறது. பார்க்கப் பழகிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். பழகவில்லை.

குளிக்க வைத்தபோது வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எலும்பு கையில் தட்டுப்படுகிறது.

“ஏனுங்க, இருவத்திமூணு வருசம் கழிச்சு மறுபடியும் வயித்துல சுமக்கறேன் பாருங்க. தாரணிக்கு அடுத்தது மண்டையோடு.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தாரணி ஓசூர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவளும் சிரித்தாள். நான் தண்ணீர் ஆறிப்போகிறது என்று எரிந்து விழுந்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பெயரையும் இதிலேயே எழுதச் சொல்கிறாள் சாந்தாமணி. நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒன்றென்றால் நாம் போய் நிற்க வேண்டும், யார் வந்தார்கள் என்று மறந்துவிடக் கூடாது என்கிறாள். டைரியின் பின்பக்கம் பட்டியல் போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களையும் சேர்த்து இன்றுவரை இருபத்தாறு பேர்.

இன்று என் அக்கா பாப்பாத்தி வந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் மேல் வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

“தம்பி ஹெல்மெட் போட்டதால பொழச்சுது. நீயும் ஒண்ணை மாட்டிருந்தா என்ன சாந்தா? ஒரு நா பூ நசுங்கினா நசுங்கிட்டுப் போகுது. அவன் எத்தனை தடவை சொல்லிருப்பான்!”

“ஆமாங்க அண்ணி. என்ற பேர்லதான் தப்பு. அவரு பேச்சைக் கேட்டிருந்தா இத்தனை பேருக்குச் செரமம் இல்லை.”

இதை இவள் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறாள். வார்த்தை வர நேரமாகிறது, ஆனாலும் விடாமல் சொல்லி முடிக்கிறாள். நான் காபி போட அடுப்படிக்குப் போய்விடுவேன். எங்கள் வீட்டில் இவ்வளவு காபி எந்தக் காலத்திலும் போட்டதில்லை.

ஜனவரி 8, புதன்

மாத்திரை 8, 8. வலிப்பு இல்லை. இடது கை விரல் மூன்று மடங்குகிறது.

ஜனவரி 12, ஞாயிறு

மச்சான் ஈஸ்வரமூர்த்தி வந்தார். சாந்தாமணிக்கு ஒரே அண்ணன். விபத்தன்று ஆஸ்பத்திரியில் அவளுடைய கைப்பையை அவரிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை நாள் அவர் வீட்டிலேயே கிடந்ததை இன்று எடுத்து வந்தார். பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார். வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரம், காய்ந்து நாராகியிருந்தது.

“மாப்ள, பூவு பைக்குள்ள இருந்துச்சு.”

“செரி.”

“தலையில வெக்காம பைக்குள்ள எதுக்கு வெச்சா? ஹெல்மெட்டு போட்டா நசுங்கும்னு. மண்டபத்துக்குப் போயி அதைக் கழட்டிப்போட்டு வெச்சுக்குவா. கண்ணாலத்துக்குக் கெளம்பறப்ப எப்பவும் அப்படித்தான் பண்ணுவா. அப்பறம் எப்படி ஹெல்மெட் இல்லாம வந்தா?”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“என்னைய என்ன, ஸ்டேசன்ல உக்கார வெச்சுக் கேக்கறாப்ல கேக்கறீங்க? மூத்திரம் மொதக்கொண்டு எடுத்து ஊத்தறவன் நானு. என்ற மேல சந்தேகப்படறவங்க இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்.”

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் மெதுவாகச் சொன்னாள்:

“அண்ணா, எனக்குத்தான் ஞாபகமில்ல. அவரு சொல்றாருல்ல. அவரைய எதுக்குக் கேக்கறீங்க? நான்தான் போடாம வந்திருப்பேன்.”

காபி டம்ளரை வாய் வைக்காமலே கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான். விபத்தன்று எனக்கு முன்னால் ரத்தம் கொடுக்க ஓடியவர் அவர்.

பூவைக் குப்பையில் போட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மாத்திரை 8, 8. சர்க்கரைப் பொங்கல் நான்கு கரண்டி சாப்பிட்டாள்.

எங்களுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து பொங்கலுக்கு முதல் நாள் கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையும் எடுத்துக்கொண்டு மச்சான் வந்துவிடுவார். நேற்று வரவில்லை. இன்றும் மத்தியானம் வரை கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிப் படுத்திருந்தாள். வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தாரணியைப் பார்த்துவரச் சொன்னாள்.

“போன் பண்ணிப் பாக்கட்டுங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

“உன் இஷ்டம்” என்றேன். நான் அதைச் சொன்ன விதத்தில் அவள் போன் செய்யவில்லை.

ஜனவரி 27, திங்கள்

நடை பழக்க வருகிற பிசியோ பெண், இனி வீட்டுக்குள் நடக்கும்போதும் தலைக்குப் பாதுகாப்பு வேண்டும், எலும்பில்லாத இடத்தில் கதவு இடித்தால்கூட ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கென்று மெத்தை வைத்த தொப்பி விற்கிறதாம். கோயமுத்தூரிலிருந்து வர நான்கு நாளாகும். அதுவரை அம்மாவின் ஹெல்மெட் எங்கே என்று தாரணி கேட்டாள். தெரியாது, எங்காவது கிடக்கும் என்றேன்.

நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் பரண்மேல் ஏறி, பழைய சிமெண்ட் சாக்குக்குள்ளிருந்து எடுத்துவிட்டாள். மெரூன் கலர். பின்னால் பால்வாடிப் பிள்ளைகளுக்கு ஒட்டுகிற நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன் அந்தப் பிள்ளைகளில் ஒன்றின் அப்பா தலையில் அடிபட்டுச் செத்துப்போனார். மறுநாளே போய் சாந்தாமணி இதை வாங்கினாள். பால்வாடிக்கு நான் கொண்டுபோய் விடும் ஐந்து நிமிஷத்துக்குக்கூட மாட்டிக்கொள்வாள். சந்திர மண்டலத்துக்கா போகிறோம் என்று கேலி செய்வேன்.

இடது பக்கம் முழுக்க ரோட்டில் தேய்ந்த கீறல். தாரணி அதைத் தடவிப் பார்த்தாள்.

“அப்பா, இது அன்னிக்கு வீட்ல இருந்துச்சுன்னுதானே சொன்னீங்க?”

“வண்டியில தொங்கிட்டிருந்துச்சு. விழுந்தப்ப தெறிச்சிருக்கும்.”

“வீட்ல இருந்துச்சுன்னு சொன்னீங்க.”

“ஏதோ பதட்டத்துல சொன்னேன். இப்ப அதுவா முக்கியம்?”

அவள் ஹெல்மெட்டைக் கழுவி, துடைத்து, பிரிட்ஜ் மேல் வைத்தாள். எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் பிரிட்ஜ் தெரியும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தாரணி ஓசூருக்குத் திரும்பினாள். பஸ் ஏறும்போது அம்மாவைப் பற்றி அரை மணி நேரம் சொன்னாள். என்னிடம், “நீங்களா சொல்லிடுங்கப்பா” என்று மட்டும் சொன்னாள். என்னத்தை என்று நான் கேட்கவில்லை.

மாத்திரை 8, 8. மெத்தைத் தொப்பி சரியாக இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

நான் பொய் சொல்லவில்லை. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அன்று அவசர சிகிச்சையில் டாக்டர் கேட்டார்: “பேஷண்ட் ஹெல்மெட் போட்டிருந்தாங்களா?” இல்லை என்றேன். உண்மைதான். “நீங்க?” போட்டிருந்தேன் என்றேன். அதுவும் உண்மைதான். பக்கத்தில் நின்ற நர்ஸ், “இந்த லேடீஸ் எங்க சார் சொன்னாக் கேக்கறாங்க, பூ நசுங்கிரும்பாங்க” என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது மட்டும்தான். வெளியே வந்தபோது அக்கா கேட்டாள், அதற்கும் ஆட்டினேன். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். அப்புறம் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, தாரணியைத் தவிர யாருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படித்துப் பார்த்தேன். டைம் ஆபீஸில் என் எதிரே நின்று ஒருவன் இப்படிச் சாக்குச் சொன்னால் அரை நாள் லீவு போட்டு அனுப்பியிருப்பேன்.

மார்ச் 4, செவ்வாய்

மில்லில் பாதுகாப்பு தினம். வருஷா வருஷம் வெளியிலிருந்து யாராவது வந்து பேசுவார்கள், லட்டு கொடுப்பார்கள். இந்த வருஷம் மேனேஜர் என்னைப் பேசச் சொன்னார். நான் மறுத்தேன். எவ்வளவு மறுத்தேன் என்று பார்த்தால், ஒரு தடவை.

மைக்கைப் பிடித்ததும் வாய் தானாகப் பேசியது. தலைக்கவசத்தால் பிழைத்தவன் உங்கள் முன் நிற்கிறேன் என்றேன். என் மனைவி இன்று மண்டையோட்டை வயிற்றில் சுமந்துகொண்டு வீட்டில் கிடக்கிறாள் என்றேன். “பத்துத் தடவை சொன்னேன், போட்டுக்கோ போட்டுக்கோன்னு. கேக்கலை” என்றேன். கோன் வைண்டிங்கில் நூல் சுற்றும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கைதட்டினார்கள். மேனேஜர் பொன்னாடை போர்த்தி, புது ஹெல்மெட் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

இந்தத் தடவை தலையாட்டல் இல்லை. வாயாலேயே சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

பொன்னாடையைப் பார்த்து அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நடுங்குகிற இடது கையால் மடித்து மடித்துப் பார்க்கிறாள். “நாலு பேருக்கு நல்லதாப் போச்சுங்க. என்னைய மாதிரி இன்னொருத்தி கெடக்கக் கூடாது” என்கிறாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனாவது அதைத் தின்று தீர்த்துவிடலாம். என்னால் அதுவும் முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அன்று என் கறுப்பு ஹெல்மெட் பட்டை அறுந்து மில் சைக்கிள் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது சாந்தாமணி மெரூன் ஹெல்மெட் போட்டிருந்தாள். பூ பையில் இருந்தது. மச்சான் சொன்னது முழுக்கச் சரி. நான் வெறுந்தலையோடு ஓட்டினேன்.

வாய்க்கால் பாலம் தாண்டியதும் எதிரே வந்தவன் ஒருவன் தன் தலையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனான். வளைவில் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் ஓட்டுகிறவனைத்தான் பிடிப்பார்கள், பின்னால் இருப்பவரை யாரும் கேட்பதில்லை. வண்டியை ஓரம் கட்டி, “அதைக் குடு” என்றேன். கழற்றிக் கொடுத்தாள். காது இரண்டும் நசுங்க மாட்டிக்கொண்டேன். போலீஸ்காரர் என்னைப் பார்த்துப் போகலாம் என்று கை காட்டினார்.

வளைவு தாண்டியதும் தோளைத் தட்டினாள். “குடுங்க, போட்டுக்கறேன்.”

“அட இரு, மண்டபம் வந்தாச்சு.”

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தட்டினாள். “குடுங்களேன்.”

நான் பதில்கூடச் சொல்லவில்லை. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்ற எரிச்சல். அடுத்தது அந்த வேகத்தடை. புதிதாகப் போட்டது, வெள்ளைக் கோடு அடிக்கவில்லை. அவள் ஒரு பக்கமாக, மடியில் பரிசுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய ஹெல்மெட் என் தலையைக் காப்பாற்றியது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு எந்த வார்த்தையும் இதற்குப் பொருந்தவில்லை.

மார்ச் 17, திங்கள்

கோயமுத்தூரில் அட்மிட் செய்தாகிவிட்டது. டாக்டர் டைரியைக் கேட்டார். ஜனவரிப் பக்கங்களை மட்டும் விரித்துப் பிடித்துக் காட்டினேன். “வலிப்பே வரலையே, நல்லாப் பாத்துக்கிட்டீங்க” என்றார்.

வயிற்றிலிருக்கும் எலும்பு கரையாமல் இருந்தால் அதையே பொருத்துவார்களாம். கரைந்திருந்தால் டைட்டானியம் தகடு. ஆபத்து என்னென்ன என்று வரிசையாகச் சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

மார்ச் 19, புதன்

காலை ஏழரைக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகே நிறுத்தச் சொல்லி என் கையைப் பிடித்தாள்.

“எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா தாரணிய வண்டியில ஹெல்மெட் இல்லாம ஏத்தாதீங்க. அண்ணன்கிட்ட சமாதானமாப் போயிருங்க. உங்க பேச்சைக் கேக்காம உங்களுக்கு இத்தனை பாடு வெச்சுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க.”

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. வாயைத் திறந்தேன். “தைரியமாப் போயிட்டு வா” என்றேன். கதவு மூடியது.

மூன்றரை மணி நேரம். எலும்பு கரையவில்லை, அவளுடையதையே பொருத்திவிட்டார்கள். தாரணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், இடையில் ஒரு நாற்காலி காலியாக விட்டு.

மார்ச் 20, வியாழன்

கண் விழித்தாள். தலையில் கட்டு, பக்கத்தில் ரத்தம் வடியும் குழாய். தொட்டுக் காட்டி, “கெட்டியா இருக்குதுங்களா?” என்று கேட்டாள். கட்டுக்கு மேலே தொட்டுப் பார்த்து, இருக்கிறது என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

வீட்டுக்கு வந்தோம். தையல் கிளிப் நாற்பத்திரண்டு, எல்லாம் எடுத்தாயிற்று. வலிப்பு மாத்திரை தொடர வேண்டும். இரு சக்கர வண்டி ஆறு மாதத்துக்குக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது தலை. கண்ணாடியில் அரை மணி நேரம் பார்த்தாள்.

ஏப்ரல் 16, புதன்

பால்வாடியைப் பார்க்க வேண்டும் என்றாள். தலையில் துணி கட்டிக்கொண்டு ஆட்டோவில் போனோம். பிள்ளைகள் முதலில் மிரண்டன. அவள் துணியை அவிழ்த்துத் தழும்பைக் காட்டினாள். காதுக்கு முன்னாலிருந்து உச்சி வரை வளைந்து போகிறது, பக்கத்தில் இப்போதுதான் முளைக்கிற முடி.

“டீச்சரு ஹெல்மெட் போடலை. பாத்தீங்களா, என்ன ஆச்சுன்னு? ஊட்டுல அப்பா அம்மாகிட்ட சொல்லோணும். டீச்சரு தப்புப் பண்ணிட்டேன்னு.”

சமையல் ஆயா காளியம்மாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

“ஏனுங் டீச்சர், நீங்க அதைப் போடாம வந்த நாளே இல்லீங்களே. மழை பேஞ்சாலுங்கூட அதோடதான் எறங்குவீங்க. அன்னிக்கு மட்டும் எப்படிங்க?”

“அன்னிக்குப் போடலை, ஆயா. எனக்கு ஞாபகமில்லை. அவரு சொன்னாரு. அவரு இல்லாததைச் சொல்ல மாட்டாரு.”

நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். காளியம்மாள் என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, ஆட்டோ திரும்பிப் போன சத்தம் அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே, கையில் சாவியோடு. மார்ச் 5-ல் எழுதியதை அப்படியே.

அவள் கேட்ட முதல் கேள்வி: “நான் போட்டிருந்தனா?”

“போட்டிருந்தே.”

“கெளம்பறப்பவே?”

“கெளம்பறப்பவே.”

“திரும்பக் கேட்டனா?”

“ரெண்டு தடவை.”

நாற்காலியில் உட்கார்ந்தாள். “அஞ்சு மாசமா நான் என்னையத் திட்டிட்டிருக்கேனுங்க” என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாத்திரை 8 மணிக்குக் கதவைத் தட்டி வெளியே வைத்தேன். எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 17, வியாழன்

பேசவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பேசவில்லை. இட்லியை நானே ஊற்றிச் சாப்பிட்டேன், உப்புப் போட மறந்திருக்கிறேன். அவளும் அதையே சாப்பிட்டாள்.

ஏப்ரல் 19, சனி

காலையில் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“என்னையப் பாக்க வந்தவங்க பேரு எல்லாம் எழுதி வெச்சிருக்கீங்கல்ல? எத்தனை பேரு?”

எண்ணினேன். நாற்பத்தியொரு பேர்.

“நாப்பத்தியொரு பேருகிட்டயும் நான் தப்புன்னு சொல்லிருக்கேன். நீங்க காபி போட்டுட்டு இருந்தீங்க. இப்ப ஒவ்வொருத்தருக்காப் போன் போடுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கை கழுவச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

முதலில் அக்காவுக்குப் போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள். போலீஸைப் பார்த்து அவள் ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்று சொன்னதுமே அக்கா மறித்தாள்.

“இதைப் போயி எதுக்கு இப்பக் கெளப்பிட்டு? ஆம்பளை, அவசரத்துல ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன ஆகும். அதான் பொழச்சுட்டாளே! வாயை மூடிட்டு இரு.”

“செரிக்கா” என்று வைக்கப் போனேன். சாந்தாமணி கையைப் பிடித்தாள்.

“இன்னும் முடியலீங்க. திரும்பக் கேட்டதைச் சொல்லுங்க.”

வைத்துவிட்ட பிறகு எனக்கு விளக்கினாள். “போலீசுக்குப் பயந்து வாங்கினதை யாரும் பண்ணுவாங்க. நான் கேட்டும் குடுக்கலை பாருங்க, அதான் உங்க தப்பு. அதை உட்டுட்டுச் சொன்னா சொன்னதே ஆகாது.”

இன்று ஆறு பேர். அதில் நான்கு பேர் விடுங்க, விதி என்றார்கள். என்னை மன்னிக்க ஊரே தயாராக இருக்கிறது. அவளைத் திட்டியபோது விதியை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஏப்ரல் 23, புதன்

இருபத்தெட்டு முடிந்தது. ஒவ்வொரு தடவையும் “ரெண்டு தடவை கேட்டா” என்கிற இடத்தை வேகமாகச் சொல்லித் தாண்டப் பார்க்கிறேன், அவள் மறுபடி சொல்ல வைக்கிறாள். பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை.

தாரணிக்கும் சொன்னேன். “தெரியும்பா” என்றாள். பிறகு, “சாப்டீங்களா?” என்றாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

மில்லுக்குப் போய்ப் பரிசு ஹெல்மெட்டை மேனேஜர் மேஜையில் வைத்துச் சொன்னேன். வேண்டாம் அண்ணா, இதெல்லாம் வெளியே தெரிந்தால் உங்களுக்குத்தான் அசிங்கம் என்றார். ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட் பக்கம் நின்று நானே சொன்னேன். மைக் இல்லை. கோன் வைண்டிங் பெண்களில் ஒருத்தி, “அந்தக்காவை எப்படியெல்லாம் பேசினோம்” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள். அசிங்கமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

நாற்பது பேர் ஆயிற்று. முதல் பெயர் மட்டும் பாக்கி, மச்சானுடையது. கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்ததை அவள் கவனித்திருக்கிறாள். அவளே நம்பரைப் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

சொன்னேன். திரும்பக் கேட்டதையும் சொன்னேன். பூவைக் குப்பையில் போட்டதையும் சொன்னேன்.

“அவகிட்டக் குடு.”

சாந்தாமணி இடது கையாலேயே வாங்கினாள்.

“அண்ணா... போட்டிருந்தேன்ணா. நான் போட்டிருந்தேன்.”

நவம்பரிலிருந்து இத்தனை ஊசி, இத்தனை கிளிப், அவள் அழுது நான் பார்த்ததில்லை. இன்று அழுதாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மே 4, ஞாயிறு

மச்சான் வந்தார். பொங்கலுக்கு எடுத்து வைத்த புடவையைத் தங்கை கையில் கொடுத்தார். என்னிடம் பேசவில்லை. காபியைக் குடித்தார்.

ஜூன் 8, ஞாயிறு

சத்தி ரோட்டில் அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம். ஆட்டோ பிடிக்கட்டுமா என்று கேட்டேன்.

“நான் பஸ்ல போய்க்கறேன். நீங்க உங்க வண்டியில வாங்க.”

“ஆறு மாசம் முடிஞ்சா டாக்டரே...”

“ஆறு மாசம் முடிஞ்சாலும் பஸ்லதானுங்க. உங்க பின்னால இனி உக்கார மாட்டேன்.”

சண்டை இல்லை, சாதாரணமாகச் சொன்னாள். கறுப்பு ஹெல்மெட்டுக்குப் பட்டை மாற்றியிருக்கிறேன். மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். பின் ஜன்னலில் அவளுடைய தலைத்துணி தெரிந்தது. ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. வாய்க்கால் பாலத்தில் எதிரே வந்தவன் ஒருவன் என்னைப் பார்த்துத் தலையைத் தட்டிக் காட்டினான். வேகத்தடைக்கு இப்போது வெள்ளைக் கோடு அடித்திருக்கிறார்கள். பஸ் மெதுவாக ஏறி இறங்கியது.

மண்டபத்தில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பட்டியலில் இல்லாத முகங்கள். ஒரு அம்மா கன்னத்தில் கை வைத்து, “அடக் கண்ணு, ஹெல்மெட் போடாமயா வந்தே?” என்றாள்.

சாந்தாமணி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

“இவரு சொல்லுவாருங்க. கேளுங்க.”

சொன்னேன். நாதஸ்வரம் நிற்கட்டும் என்று காத்திருந்து, முழுசாகச் சொன்னேன்.